கோதாவும் கோரைப் பாயும்

தமிழ்ப் பேச்சில் குஸ்திக்கு என்றைக்கும் பஞ்சம் ஏற்பட்டதில்லை. தேர்தலுக்கு மனுப் போட்டவரைக் "கோதாவில் இறங்கிவிட்டார்" என்கிறோம். குறுக்கு விசாரணையில் வக்கீல் போடுவது கிடுக்கிப் பிடி. பாக்கி வசூலிக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டால் அது உடும்புப் பிடி. தோற்றபிறகும் வீம்பு பேசுகிறவனைப் பார்த்து, "குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிறான்" என்று சிரிக்கிறோம். இவ்வளவையும் நமக்குக் கொடுத்துவிட்டு, கோதா மட்டும் ஊர் ஊராக மறைந்துபோய்விட்டது. சென்ற மாதம் வகுப்பில், "கோதா என்றால் என்ன?" என்று கேட்டேன். "எலெக்ஷன், ஸார்!" என்றான் ஒரு பையன். மற்றவர்களும் அதை ஆமோதித்தார்கள். மண்ணைக் கொத்திச் சலித்து, எண்ணெய் விட்டுப் பதப்படுத்திய களம் ஒன்று அந்தச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது என்பது முப்பத்தைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறைந்துபோன அந்தக் குஸ்தி இப்போது உலகத்தைச் சுற்றிக்கொண்டு, வேறு பெயருடன் நம் ஊர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. "பிரேஸில் ஜியூ-ஜித்ஸு" என்று அதற்குப் பெயர். இந்தத் திருவண்ணாமலையில் குளிர்காலம் வந்தால் செங்கம் சாலை முழுவதும் வெளிநாட்டார் நடமாட்டந்தான். அவர்களிலே இம்மாதிரி வித்தை பயின்றவர் ஒருவர், உள்ளூர் வாலிபர்கள் நாலைந்து பேர், யாரோ மனமுவந்து விட்டுக்கொடுத்த ஒரு கூடம், செலவைப் பங்கிட்டு வாங்கிய விரிப்பு, இவ்வளவு சேர்ந்தால் ஒரு பயிற்சிக் கூட்டம் உண்டாகிவிடுகிறது. பலகை கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது, மாதச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. என்னிடம் படித்து இப்போது உத்தியோகம் பார்க்கும் வாலிபன் ஒருவன் இப்படிப்பட்ட கூட்டத்தில் சேரலாமா என்று யோசனை கேட்டான். அவன் தாயார் அதற்கு மறுநாளே என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டு, "ரௌடிப் பசங்க சகவாசம் எதுக்கு ஸார்? நீங்களாவது ரெண்டு வார்த்தை புத்தி சொல்லுங்க" என்றார். இருவருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன். இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் எழும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்த அம்மாளின் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். இது குத்துவதும் உதைப்பதுமான வித்தை அல்ல. ஒருவரை ஒருவர் பிடித்து, நிலைகுலையச் செய்து, தரையில் கிடத்தி, அங்கே மூட்டை மடக்கியோ கழுத்தை நெருக்கியோ, "போதும்" என்று சொல்ல வைப்பதுதான் இதன் நோக்கம். "போதும்" என்பதற்கு அடையாளமாகக் கையினால் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினதும் பிடியை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

இந்தத் தட்டுதலில்தான் எனக்கு அதிக ஆச்சரியம். நம் பழைய குஸ்தியில் இரண்டு தோள்களும் மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. பயில்வான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பிரேஸில் முறையிலோ அங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது. மல்லாந்து விழுந்தவன், மேலே இருப்பவனுடைய இடுப்பைத் தன் இரண்டு கால்களாலும் பின்னிக்கொண்டு, கீழே இருந்தபடியே அவனைத் திணற அடிக்கலாம். இந்த நிலைக்கு 'கார்டு', அதாவது காவல், என்றே பெயர். விழுந்தவனுக்கு இத்தனை சௌகரியம் செய்து கொடுத்த மல்வித்தையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

லண்டனில் 1910-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி நடந்த ஒரு குஸ்தியை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் காமா பயில்வானுக்கும் போலந்து தேசத்து ஸ்பிஸ்கோவுக்கும் நடந்த போட்டி அது. காமாவின் பலத்தைக் கண்ட ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவரைப் புரட்ட முடியவில்லை. சபையோர் சலித்துப்போனார்கள், போட்டி சமமாக முடிந்தது. மறுவாரம் ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 1928-ல் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிஷத்துக்குள் கணக்கைத் தீர்த்துவிட்டார். அந்த லண்டன் மாலையைக் கோழைத்தனம் என்று நம்மவர்கள் வெகுகாலம் பரிகசித்தார்கள். ஜியூ-ஜித்ஸுக்காரர்களைக் கேட்டால், தரையில் கிடப்பதில் தவறில்லை, கிடந்துகொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் தவறு என்பார்கள்.

இந்த வித்தை பிரேஸிலுக்கு எப்படிப் போயிற்று? அந்தக் கதையில் முதலில் வருபவர் என்னைப்போல் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதால் சற்று விஸ்தாரமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஜிகோரோ கானோ என்பவர் டோக்கியோ சர்வகலாசாலையில் படித்துத் தேறியவர். சிறுவயதில் நோஞ்சான், பெரிய பையன்களிடம் உதைபட்டே பழைய ஜுஜுத்ஸு ஆசிரியர்களைத் தேடிப் போனார். 1882-ம் வருஷம், உபாத்தியாயர் வேலையில் அமர்ந்த புதிதில், எய்ஷோஜி என்ற சிறிய புத்தர் கோயிலில் இடம் வாங்கித் தம் 'கோடோகான்' பள்ளியைத் தொடங்கினார். இடமெல்லாம் பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுதான். முதல் வருஷத்து மாணவர்கள் ஒன்பது பேர். அவர்களிடம் அவர் சம்பளம் வாங்கவில்லை. பையன்கள் ஒருவரையொருவர் தூக்கி எறிந்த அதிர்ச்சியில் கோயிலில் வைத்திருந்த இறந்தோர் பெயர்ப் பலகைகள் ஆடி விழுந்தனவாம்; தரைப்பலகை முறிந்தபோது, கானோவே விளக்கை எடுத்துக்கொண்டு கீழே தவழ்ந்து போய்ச் செப்பனிட்டிருக்கிறார். இன்று ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றிருக்கும் ஜூடோ இப்படித்தான் பிறந்தது. அவர் விரித்த 'தாதாமி'யின் மேற்பரப்பு, நம் பத்தமடைப் பாயைப் போலவே, ஒருவகைக் கோரையினால் முடைந்தது. சம்பளமில்லாத ஆசிரியர், கோயில் இடம், கோரைப் பாய். திருவண்ணாமலைக்காரனான எனக்கு இதில் அந்நியமாக ஒன்றும் தோன்றவில்லை.

கோடோகானில் பயின்ற மித்ஸுயோ மயேதா தேசதேசமாகச் சுற்றிப் பந்தயம் போட்டுக்கொண்டு 1914-ல் பிரேஸில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரத்தில் கிரேஸி என்ற குடும்பத்துப் பிள்ளையான கார்லோஸ் அவரிடம் கற்றுக்கொண்டார். 1925-ல் ரியோ டி ஜெனிரோவில் பயிற்சிக்கூடம் வைத்தார். கார்லோஸின் தம்பி ஹீலியோ மெலிந்த சரீரமுள்ளவர். பலத்தை நம்பிச் செய்யும் பிடிகள் தமக்கு ஒத்துவராததால், நெம்புகோல் சூத்திரத்தை நம்பும் பிடிகளை அவர் வளர்த்துக்கொண்டார். ஹீலியோவின் குமாரர் ராய்ஸ் கிரேஸி 1993-ம் வருஷம் நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஒரே இரவில் மூன்று முரடர்களை அடக்கிக் காட்டினார். அதன்பிறகே உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஜுஜுத்ஸுவும் சேர்ந்துகொண்டது.

ஹீலியோவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1951-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுராவுடன் அவர் மோதினார். கிமுரா அவருடைய கையைப் பின்னால் மடக்கினார். ஹீலியோ தட்டவில்லை, எலும்பு முறிந்தது, அப்போதும் தட்டவில்லை. கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தப் பிடிக்கு இன்றைக்கும் 'கிமுரா' என்றே பெயர். பத்திரிகைகளுக்கு இது வீரக் கதை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீஸில் கையெழுத்துப் போடவேண்டிய வாலிபனுக்கு இது உதவாது. அவன் கற்கவேண்டியது கார்லோஸ் செய்ததை.

நான் இதை விளையாட்டாக எழுதவில்லை. ஒரு மணி நேரப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவன் பத்துத் தடவையாவது தட்ட வேண்டியிருக்கும். தன்னைவிட இளையவனிடம், சில சமயம் தன்னில் பாதி எடையுள்ளவனிடம், தட்ட வேண்டியிருக்கும். மீசையில் மண் ஒட்டிற்று என்று பத்துத் தடவை வாய்விட்டு ஒப்புக்கொண்டு, பத்துத் தடவையும் எழுந்து உட்கார்ந்து, தோற்கடித்தவன் கையைக் குலுக்கி, "எப்படிப் பிடித்தாய்? இன்னொரு முறை காட்டு" என்று கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இதைக் கற்பிப்பதில்லை. மதிப்பெண் குறைந்ததைச் சொல்ல வாய் வராத பிள்ளைகளை வருஷந்தோறும் பார்க்கிறேன். பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் உபாத்தியாயர்களாகிய நாங்கள் எதை எண்ணி நடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது பெற்றோர்களுக்குத் தெரியாததல்ல.

இதெல்லாம் பிறதேசத்துச் சரக்குத்தானே என்று கேட்பவர்கள் புறநானூற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-ல் அச்சிட்டுக் கொடுத்த அந்நூலில் 80-ம் பாட்டு ஒரு குஸ்திப் போட்டியைப் பற்றியது. சோழன் தித்தனுடைய மகன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதான். பார்த்த புலவர் சாத்தந்தையார். ஒரு காலை மல்லனுடைய மார்பில் மண்டியாக மடித்து வைத்து, மறு காலால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறமாக வளைத்துக்கொண்டான் கிள்ளி என்று பழைய உரை விளக்குகிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல, எதிரியைத் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒடியும்படி மோதினானாம். மார்பில் முழங்காலை ஊன்றும் இந்த நிலையை இன்று எந்த ஜியூ-ஜித்ஸுக் கூடத்திலும் பார்க்கலாம். அவர்கள் அதற்கு எண்ணிக்கை போட்டு வெற்றிப் புள்ளிகூடக் கொடுக்கிறார்கள். மகன் மீது தந்தைக்கு அப்போது மனஸ்தாபம். சந்தோஷப்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி, தித்தன் இதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார் புலவர். அடுத்த சில பாட்டுக்களில் நக்கண்ணையார் என்ற பெண்மணி இந்தக் கிள்ளியைக் கண்டு மனம் பறிகொடுத்து, தாய்க்கும் சபைக்கும் அஞ்சித் தவிக்கிறாள். ஆகவே குஸ்தியும் அதைப் பார்த்து வீட்டார் முகம் சுளிப்பதும் தமிழ் நாட்டில் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

நம் ஊருக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. 1896-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன், அதாவது பிற்காலத்து ரமண மகரிஷி, மதுரையில் படித்த நாட்களில் பாடங்களைவிடப் பந்தாட்டத்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலுமே அதிகப் பிரியம் வைத்திருந்ததாக அவர் சரித்திரம் கூறுகிறது. அவர் சேர்ந்த கட்சியே எப்போதும் ஜெயித்ததால் தோழர்கள் அவரைத் "தங்கக்கை" என்று அழைத்தார்களாம்.

ஜப்பானிய முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்ய மகாகவி தாகூரே முயன்றிருக்கிறார். 1905-லேயே ஸானோ என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனில் ஜுஜுத்ஸு கற்பித்தார். 1929-ல் கவி, தகாகாகி என்ற கைதேர்ந்த ஆசிரியரைத் தருவித்தார், மாணவிகளும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தூரதேசத்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் காரியம் விசுவபாரதியின் பண நிலைமைக்கு மிஞ்சியதாயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் அது நீடிக்கவில்லை. பெரிய இடத்தில் பெரிய செலவில் தொடங்கியது நின்றுபோயிற்று. பன்னிரண்டு பாயில் தொடங்கியது நிலைத்தது. செலவைப் பங்கிட்டு நடக்கும் சிறு கூட்டங்களை நான் இளக்காரமாக நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சல்லிசாக நடப்பது வேறு, அஜாக்கிரதையாக நடப்பது வேறு. சேர விரும்புகிறவர்கள் முதல் நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். கீழே என்ன விரித்திருக்கிறது? சிமெண்டுத் தரையில் ஜமக்காளத்தைப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் தூக்கி எறிகிறார்களென்றால், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான். கனமான விரிப்பு வாங்க வசதியில்லாத கூட்டம், நின்று எறிவதை அடியோடு விட்டுவிட்டு, முழங்காலில் இருந்தபடியே தொடங்க வேண்டும். பாதி வித்தைக்கு மேல் அப்படியே கற்றுக்கொள்ளலாம். சொல்லிக்கொடுப்பவர் யார், யாரிடம் எத்தனை வருஷம் பயின்றார்? வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று இதில் கச்சைகள் உண்டு. கறுப்புக் கச்சைக்குச் சுமார் பத்து வருஷம் ஆகும். நீலக் கச்சைக்காரர் ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் தோஷமில்லை. கச்சையே இல்லாத நாலு பேர் கைபேசியில் படம் பார்த்துக் கழுத்தை நெரித்துப் பழகுவதுதான் ஆபத்து. கழுத்தின் இரு பக்கத்து ரத்தக் குழாய்களையும் சரியானபடி அழுத்தினால் சுமார் பத்து விநாடியில் நினைவு தப்பிவிடும். குதிகாலைத் திருகி முழங்காலை முறிக்கும் பிடி இன்னும் பொல்லாதது, வலி தெரிவதற்குள் தசைநார் அறுந்துவிடும். புதியவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. இவற்றைக் கற்பிக்கத் தகுந்தவர் இல்லாத ஊரில், ஜூடோ பயின்றவரையாவது மல்யுத்தம் பயின்றவரையாவது தேடிப் பிடிப்பதே விவேகம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ இருப்பதால் அப்படிப்பட்டவர்கள் நம் ஜில்லாக்களில் அகப்படாமல் போகமாட்டார்கள்.

உடைக்கும் பெரிய செலவு இல்லை. கெட்டித் துணியில் தைத்த 'கி' என்ற சட்டை விலை அதிகந்தான். அது இல்லாமல், உடம்போடு ஒட்டிய பனியனும் பொத்தான் இல்லாத அரை நிஜாருமாகப் பழகும் முறையும் உண்டு. நகம் வெட்டியிருக்க வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு ஸ்நானம் செய்ய வேண்டும். நம் சீதோஷ்ணத்தில் படர்தாமரை ஒருவனுக்கு வந்தால் வாரத்துக்குள் கூட்டம் முழுவதற்கும் வந்துவிடும்; வந்தவன் வெட்கப்படாமல் வீட்டில் இருந்துவிட வேண்டும். விரிப்பைத் தினந்தோறும் மருந்து நீரால் துடைக்கும் முறை யாருடையது என்று கேளுங்கள். "எல்லோருடையதும்" என்று பதில் வந்தால், ஒருவரும் துடைப்பதில்லை என்று அர்த்தம். காது மடல் நசுங்கித் தடித்துப்போவது இந்த வித்தையின் முத்திரை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் கேள்வி கேட்பார்கள் என்று அஞ்சுகிறவர்கள் காதுக்கு உறை போட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் விஷயம் தனி. 2016-ல் ரியோ நகரத்தில், கிரேஸி சகோதரர்களின் அந்த ரியோவிலேயே, சாக்ஷி மாலிக் மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றார். பெண்களுக்கு இது ஏற்குமா என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. அதே சாக்ஷியும் மற்ற வீராங்கனைகளும் 2023-ல் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு தில்லி ஜந்தர் மந்தரில் வீதியில் உட்கார நேர்ந்ததையும் நாம் மறக்கக் கூடாது. பெரிய சம்மேளனத்திலேயே அந்த நிலைமையென்றால், கேட்பாரற்ற சிறு கூட்டத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பெண்கள் பெண்களுடனேயே பழக வசதி இருக்கிறதா, கதவு திறந்திருக்கிறதா, தாயோ தமையனோ வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் முகம் கோணாமல் இருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். "வெளியார் பார்க்கக் கூடாது" என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம்.

இன்னொரு சங்கடம் இந்த ஊருக்கே உரியது. பௌர்ணமியன்று பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் ஜனசமுத்திரமாகிவிடும். அன்று பயிற்சி நடக்காது, அது போகட்டும். மார்ச் மாதத்து வெயில் தலை காட்டியதும் வெளிநாட்டு ஆசிரியர் மூட்டை கட்டிவிடுவார். அடுத்த குளிர்காலம் வரையில் கூட்டம் என்ன செய்யும்? வாரத்தில் மூன்று நாள், தெரிந்த நாலு பிடிகளை மட்டும், புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்காமல், திரும்பத் திரும்பப் பழகலாம். இருவர் மாறி மாறிக் கூடத்துச் சாவியை வைத்துக்கொள்ளலாம். கானோவும் 1889-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி 1891 வரையில் திரும்பவில்லை. அந்தக் காலம் முழுவதும் பாயை விரித்துச் சுருட்டி வைத்துப் பள்ளியை நடத்தியவர்கள் அவருடைய மாணவர்கள்தான்.